நெல்லை வெயிலில் பூக்கும் சதைப்பற்றுச் செடிகள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் கண்ணேறு கழிய நிலைப்படிக்கு மேலே ஒரு சோற்றுக்கற்றாழையைத் தலைகீழாகக் கட்டியிருப்பார்கள். வேர் மேலே, இலை கீழே. மண் கிடையாது, தண்ணீர் ஊற்ற ஆளும் கிடையாது. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சை மாறாமல் தொங்கும். சில வீடுகளில் தொங்கியபடியே பூத்தண்டுகூட நீட்டிவிடும். இலையிலும் தண்டிலும் வேரிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இல்லாத காலத்தில் அதைச் செலவு செய்து பிழைக்கும் செடிகள் இவை. அடீனியம், டேபிள் ரோஸ், யூபோர்பியா, கலஞ்சோ, கள்ளி, கற்றாழை எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

அப்படியானால் கடையில் ஆசை ஆசையாக வாங்கி வரும் அடீனியம் ஏன் ஒரே வருடத்தில் போய்விடுகிறது? நம் ஊரில் இந்தச் செடிகள் வெயிலில் சாவது குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் அழுகித்தான் பெரும்பாலும் சாகின்றன. மழைக்குத் தப்பியவை நாம் பாவம் பார்த்து ஊற்றும் தண்ணீரில் சாகின்றன. கீழே சொல்லப்போகும் தொட்டி, மண், இடம், மாத வேலை எல்லாமே அந்த இரண்டு மாத மழையை நினைத்துச் சொல்வதுதான். சித்திரை வெயிலை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

இந்தச் செடிகளுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு வாங்கும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரும் ஆவியாகிப் போகும். சதைப்பற்றுச் செடிகளில் பல, பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கின்றன. இரவில் இழுத்த கரியமில வாயுவை அமிலமாக இலைக்குள் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. இதற்கான தொடக்கக்காலத் தடயங்களில் ஒன்று கிடைத்தது இந்தியாவில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன், ஒரு செடியின் இலை காலையில் புளிப்பாகவும், பகல் ஏற ஏறச் சப்பென்றும், மாலையில் கசப்பாகவும் இருப்பதை வாயில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவருடைய குறிப்பு 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அந்தச் செடி வேறொன்றும் இல்லை. இலையைக் கிள்ளிப் புத்தகத்துக்குள் வைத்தால் ஓரமெல்லாம் குட்டிச் செடி முளைக்குமே, நாம் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சொல்லும் ரணகள்ளிதான். (நீங்கள் தின்று பார்க்க வேண்டாம். ஆடு மாடுகளுக்கு ஆகாத நச்சுப்பொருள் அதில் இருக்கிறது.)

உங்கள் ஊர் எந்தப் பக்கம்?

செடி வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். நெல்லைச் சீமை முழுக்க ஒரே மழை கிடையாது.

பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் என்றால் உங்களுக்கு ஒரே மழைக்காலம்தான்: வடகிழக்குப் பருவமழை. மீதி மாதங்களில் வெயிலும் காற்றும். இந்தச் செடிகளுக்கு இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. காற்றுக்கு மட்டும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்காகத்தான் பணகுடி வரைக்கும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அதே காற்று பிளாஸ்டிக் தொட்டியோடு அடீனியத்தை மாடியிலிருந்து உருட்டிவிடும்.

தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் என்று மலையை ஒட்டிய ஊர் என்றால் கணக்கு வேறு. குற்றாலத்துச் சாரல் உங்களுக்கு ஆனந்தம், அடீனியத்துக்கு ஆபத்து. ஆனியிலிருந்து ஆவணி வரை விட்டுவிட்டுத் தூறும்போது மண் காயவே காயாது. ஆகவே இரண்டு மழைக்காலம் என்று வைத்துக்கொண்டு, கூரைக்கு அடியில் வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து ஒதுக்குங்கள்.

சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல்காட்டுக்காரர்கள் தரையில் நேரடியாக நடும் எண்ணத்தை விட்டுவிடலாம். கரிசல் மண் பருத்திக்குக் கொடுக்கும் ஈரத்தை இந்தச் செடிக்கும் கொடுக்கும். வேர் தாங்காது. தொட்டிதான் வழி.

வீட்டில் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. பூ வேண்டுமென்றால் குறைந்தது 5, 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். மொட்டைமாடி நல்லது. ஆனால் தளத்தின் மேல் தொட்டியை அப்படியே வைத்தால் பங்குனிக்குமேல் கான்கிரீட் சூடு வேரை வேக வைத்துவிடும். இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் வையுங்கள். அடியில் காற்றும் ஓடும், தண்ணீரும் தேங்காது. நெருக்கமான வளவு வீடு, வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம் என்றால் அடீனியத்துக்கு ஆசைப்படாமல், தார்சா (முன்தாழ்வாரம்) ஓரத்து நிழலிலும் வளரும் வாள் இலை மருளையோ, இரவில் பூக்கும் நிஷாகந்தியையோ வையுங்கள்.

எதை வாங்குவது

புதிதாகத் தொடங்குபவர்கள் டேபிள் ரோஸில் தொடங்குங்கள். பத்துமணிப் பூ என்றும் சொல்வார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு விரல் நீளத் துண்டு வாங்கி மணலில் செருகினால் போதும். ஓரிரு வாரத்தில் வேர்பிடித்து, மாதத்துக்குள் பூத்துவிடும். வெயில் ஏறும்போது விரிந்து பிற்பகலில் சுருங்கிவிடும். மேகமூட்டமான நாளில் விரியாது, அது நோயல்ல. தண்டு நீண்டு அடிப்பகுதி மொட்டையானால் தயங்காமல் பாதிக்கு வெட்டுங்கள். வெட்டிய துண்டை அதே தொட்டியில் செருகினால் தொட்டி நிறையும். மழையில் அழுகிப் போனாலும் வருத்தமில்லை. ஒரு சிறு தொட்டியைக் கூரைக்கு அடியில் காப்பாற்றி வைத்திருந்தால் தை பிறந்ததும் எல்லாத் தொட்டியையும் மறுபடி நிரப்பிவிடலாம்.

அடுத்தது யூபோர்பியா. முள் நிறைந்த தண்டு, உச்சியில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள். மடகாஸ்கர் தீவுச் செடி. தாய்லாந்துக்காரர்கள் இனக்கலப்பு செய்து பெரிய பூ வகைகளை உண்டாக்கினார்கள். நம் நர்சரிகளில் இருக்கும் பெரும்பூ வகையெல்லாம் அந்த வழிதான். என் கணிப்பில் நெல்லைக்கு இதைவிட உழைக்கும் பூச்செடி இல்லை: வருடம் முழுக்கப் பூக்கும், மழையையும் அடீனியத்தைவிட நன்றாகத் தாங்கும். ‘முள்செடி வாசலுக்கு ஆகாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை வேண்டாம், சுற்றுச்சுவர் மேலே வரிசையாக வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது வாசலுக்கு ஆகாததுதான். தண்டை ஒடித்தால் வரும் பால் தோலில் எரியும், கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. வெட்டும்போது கையுறை போடுங்கள். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

அடீனியம்தான் எல்லாருக்கும் கண். அடிப்பாகம் பருத்து, பூ ரோஜா நிறத்தில் விரியும் பாலைவன ரோஜா. ஆப்பிரிக்காவும் அரபு நாட்டுப் பக்கமும் இதன் சொந்த மண். அரளிக் குடும்பம் என்பதால் இதன் பாலும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். ஆடு வளர்க்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடிக்கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இருந்தால் வாங்கலாம். ஒரு பக்கம் அமுங்கினால் எவ்வளவு பூத்திருந்தாலும் வேண்டாம். குச்சியிலிருந்து வளர்த்த செடி அவ்வளவாகப் பருக்காது. பருத்த அடி வேண்டுமென்றால் விதையில் முளைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டுக்கட்டிய செடியில் அடி நாட்டு வகையாகவும் மேலே அடுக்குப் பூ வகையாகவும் இருக்கும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே கட்டிய வகை மெலிந்துபோகும்.

கலஞ்சோ மார்கழி, தையில் கடைக்கு வரும். கொத்துப்பூ பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் அதை மறு வருடம் பூக்க வைப்பது புதியவர்களுக்குச் சிரமம். நீண்ட இரவு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். நம் ஊரில் கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறத்தாழ 1 மணி நேரம்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு வாசல் விளக்கும் தெருவிளக்கும் இரவைக் கெடுத்துவிடும். முயன்று பார்க்க விருப்பம் இருந்தால் கார்த்திகையிலிருந்து 6 வாரம் மாலை 5 மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை 7 மணிக்கு எடுத்துவிடுங்கள். உச்சி வெயில் இதற்கு ஆகாது, காலை வெயில் போதும்.

நம் மண்ணில் ஏற்கனவே இருப்பவற்றை மறந்துவிடக் கூடாது. நர்சரிகளில் இவற்றுக்கு அவ்வளவு மவுசு இல்லை என்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை. சோற்றுக்கற்றாழை நல்ல வெயிலில் வயது முதிர்ந்தால் நெடிய தண்டில் மஞ்சள் பூ விடும், தேன்சிட்டு தேடி வரும். மருள் என்று ஒரு செடி: வாள் போன்ற இலை, நாரெடுத்துக் கயிறு திரித்திருக்கிறார்கள், இரவில் வெளிர்நிறப் பூ மணக்கும். பாறைக்காட்டில் கல்லிடுக்கில் வளரும் கல்லிமுளையான் மழைக்குப் பிறகு தண்டு நுனியில் நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்ன ஊதாப்பூ பூக்கும். ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் கடித்துத் தின்றது. இதைக் காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வராதீர்கள். தோட்டத்தில் வைத்திருப்பவரிடம் ஒரு துண்டு வாங்கினாலே பிழைத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு வகையை வேண்டாம் என்பேன். தாமரைப்பூ மாதிரி இலை அடுக்கோடு, நீலமும் ரோஜாவும் கலந்த நிறத்தில் சின்னக் கிண்ணங்களில் விற்கிறார்களே, எச்செவேரியா. அது மெக்சிகோ மலைநாட்டுச் செடி. இரவு குளிர்ந்தால்தான் அதற்கு உயிர். ஊட்டியிலும் பெங்களூரிலும் அழகாக இருக்கும். நம் புழுங்கும் இரவில் நீண்டு வெளுத்து, முதல் மழையில் சொதசொதவென்று ஆகிவிடும்.

தொட்டியும் மண்ணும்

இங்கேதான் பாதி வெற்றி. மண்தொட்டி வாங்குங்கள். அதன் சுவர் வழியாக ஈரம் வெளியேறும், கனமாக இருப்பதால் ஆடிக்காற்றிலும் சாயாது. காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே வாங்கலாம். அடீனியத்துக்கு அகன்று ஆழம் குறைந்த தொட்டி. மற்றவற்றுக்கு 6 முதல் 8 அங்குலம் போதும். செடியின் வேர்க்கட்டைவிட இரண்டு அங்குலம் பெரிய தொட்டி சரியான அளவு. ‘வளரட்டும்’ என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் குடிக்காத மண்ணில் ஈரம் தங்கிக் கெடுக்கும். அடியில் துளை ஒன்றுதான் இருக்கிறதென்றால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்க வேண்டாம். அது கொசுவுக்குத்தான் உதவும்.

மண் கலவைக்குச் சட்டிக் கணக்கு: சலித்த செம்மண் 1 சட்டி, பருமணல் 2 சட்டி, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு 1 சட்டி, மட்கிய எரு அல்லது மண்புழு உரம் அரைச் சட்டி. செங்கல் துண்டு கடலை அளவு இருக்கட்டும், தூளைச் சலித்து எறிந்துவிடுங்கள். சீமைக்கருவேலக் கரி கிடைத்தால் இரண்டு கை நொறுக்கிப் போடலாம். ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்துகொள்ளுங்கள். ஆற்றுமணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் போடலாம். ஆனால் அதிலுள்ள கிரஷர் தூசி தண்ணீர் பட்டால் இறுகிவிடும். இரண்டு மூன்று முறை அலசி, கலங்கல் போன பிறகு பயன்படுத்துங்கள். கட்டட வேலையில் மிஞ்சிய கால் அங்குலச் சல்லியும் இதற்கு அருமையான பொருள்.

உவரி, கூட்டப்புளிப் பக்கத்துக்காரர்கள் கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள், உப்பு வேரைச் சுடும். தேரிமணல் சிவப்பாக அழகாக இருக்கும். ஆனால் பொடி மணல் என்பதால் தனியாகப் போட்டால் படிந்து இறுகும். பருமணலோடும் சல்லியோடும் கலந்தால் சரி.

கலவையைச் சோதிக்க ஒரு வழி: ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் மணலோ சல்லியோ வேண்டும். பலர் தொட்டிக்கு அடியில் மட்டும் சல்லியைப் பரப்பிவிட்டு மேலே களிமண்ணை நிரப்புகிறார்கள். அதனால் பயனில்லை. தண்ணீர் சல்லிக்கு இறங்காமல் மேல்மண்ணிலேயே நிற்கும். சல்லி கலவை முழுக்கக் கலந்திருக்க வேண்டும்.

நடும் முறை

வாங்கி வந்த அன்றே நட வேண்டாம். நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே இருந்த செடி. முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இரண்டு வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். அவசரப்பட்டால் இலையும் தண்டும் வெந்து வெள்ளைத் தழும்பு விழும், அது பிறகு மாறாது.

நடும் நாளில் செடியைக் கவரிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றியிருக்கும் தென்னைநார்க் கழிவை உதிர்த்துவிடுங்கள். நர்சரிக்காரர்களுக்கு அது லேசாக, கொண்டுபோக வசதியாக இருக்கும். நம் தொட்டியில் அதுதான் மழைக்காலத்துக் கண்ணிவெடி. நடுவேருக்குள் நெருக்கமாகப் புகுந்திருந்தால் தண்ணீரில் அலசுங்கள். அழுகின வேர், கறுத்த வேரைச் சுத்தமான கத்தியால் நறுக்கிவிட்டு, செடியை நிழலில் காற்றாடப் போடுங்கள். டேபிள் ரோஸுக்கு இது தேவையில்லை. யூபோர்பியாவுக்கு இரண்டு மூன்று நாள். அடீனியத்துக்கு ஐந்து முதல் ஏழு நாள். செடியை மண்ணுக்கு வெளியே ஒரு வாரம் போட்டு வைப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வெட்டுக்காயம் காய்ந்து தோல் கட்டினால்தான் அழுகல் உள்ளே போகாது.

பிறகு துளை மேல் ஓட்டுச்சில்லு வைத்து, கலவையை நிரப்பி நடுங்கள். அடீனியத்தின் பருத்த பாகம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். புதைத்தால் மழையில் கழுத்து அழுகும். மேலே ஒரு விரற்கடை சல்லி பரப்பினால் மண் தெறிக்காது, கழுத்தும் காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றாமல் நாலைந்து நாள் விடுங்கள்.

செம்மண் தரையில் நட விரும்பினால் ஒரு அடி உயரத்துக்குக் கல் அடுக்கி மேடை கட்டி, அதே கலவையை நிரப்பி நடலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அந்த மாதிரி வெள்ளத்துக்கு எந்த மேடையும் ஈடு கொடுக்காது. வழக்கமான கார்த்திகை மழைக்கு ஒரு அடி மேடை போதும்.

தண்ணீர்

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவித் தொட்டி ஓரமாக அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். சுத்தமாக வந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு தெளிப்பதுதான் இந்தச் செடிகளுக்கு எமன். மேல்மண் எப்போதும் நசநசவென்று இருக்கும், அடிவேர் காய்ந்து கிடக்கும். கோடையில் மண்தொட்டிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை வரலாம். காற்று மாதங்களில் இன்னும் சீக்கிரம் காயும். மார்கழிப் பனியில் இரண்டு வாரம்கூடத் தாண்டும். டேபிள் ரோஸ் மட்டும் மெல்லிய வேர் என்பதால் கோடையில் ஒன்றுவிட்டு ஒருநாள் கேட்கும்.

வீட்டில் ஒருவர் மட்டும் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். “ஏட்டி, செடி சுருங்கிக் கெடக்கு, ஒரு செம்பு தண்ணி ஊத்துனா கொறஞ்சா போயிருவே?” என்று ஆச்சி கேட்பார்கள். செடியை வாடவிடக் கூடாது என்ற நல்ல மனசு அது. பிச்சிக்கும் கனகாம்பரத்துக்கும் அதுதான் சரி. அந்தத் தொட்டிகளை அவர்கள் கைக்கு விட்டுவிட்டு, இவற்றைத் தனி வரிசையில் வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எதுவும் இவற்றுக்கு வேண்டாம்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றுக்குழாய்த் தண்ணீர் கிடைக்கும் நாளில் மாதம் ஒருமுறை அதைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

மாதக் கணக்கு

மாசியில்தான் வருட வேலை தொடங்குகிறது. பனி விலகி வெயில் ஏறும்போது அடீனியத்தைக் கவாத்து செய்யுங்கள்: ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை விட்டு மீதியை வெட்டலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே பல கிளை வரும், கிளை நுனியில்தான் பூ வரும். ஆகவே கிளை பெருகினால் பூவும் பெருகும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூ பார்க்கலாம். மண் மாற்ற வேண்டியதையும் இப்போதே மாற்றுங்கள். தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி எலும்புத்தூள், ஒரு பிடி மண்புழு உரம். அதன் பிறகு ஆவணி வரை மாதம் ஒரு பிடி உரம் போதும். யூரியா மாதிரி தழைச்சத்து உரங்களைத் தொடாதீர்கள், இலை தழைக்கும், பூ வராது, தண்டு மெத்தென்று ஆகி அழுகலுக்கு வழிவிடும்.

சித்திரை, வைகாசியில் அக்னி நட்சத்திரம் என்று கவலைப்பட ஒன்றுமில்லை. அடீனியமும் யூபோர்பியாவும் பூத்துக் குலுங்கும் காலம். கலஞ்சோவையும் புதுக்கன்றுகளையும் மட்டும் உச்சி வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள். ஆனி, ஆடியில் உயரமான செடிகளைச் சுவரோரம் நகர்த்துங்கள்.

புரட்டாசி கடைசியில் மழைக்கு ஏற்பாடு. வயல்காரர்கள் பிசான நெல் சாகுபடிக்கு உழவு தொடங்கும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரம் நிறுத்தம், கவாத்து நிறுத்தம். அடீனியத் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியிலோ, கார் நிறுத்தும் கூரைக்கு அடியிலோ கொண்டு போங்கள். வெளிச்சம் வேண்டும், நனையக் கூடாது. ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு கம்பில் சாய்வாகக் கட்டினாலும் போதும், பக்கங்களை மூடாதீர்கள். எதற்கும் வழியில்லை என்றால், புயல் செய்தி வந்ததும் தொட்டியைப் படுக்கப் போட்டுவிடுங்கள். மழை மண்ணுக்குள் இறங்காமல் வழிந்துவிடும். மூன்று நான்கு நாள் படுத்துக் கிடப்பதால் செடிக்கு ஒன்றும் ஆகாது. யூபோர்பியா நல்ல கலவையில் இருந்தால் வெளியிலேயே இருக்கட்டும்.

மார்கழியில் அடீனியத்தின் இலை மஞ்சளாகி உதிரும். பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடிக்கிழங்கு கெட்டியாக இருந்தால் செடி தூங்குகிறது, அவ்வளவுதான். மாசியில் துளிர்க்கும்.

அழுகலும் பூச்சியும்

அடிக்கிழங்கு சுருங்கி, லேசாக அமுங்கி, தோல் காய்ந்திருந்தால் அது தாகம், தண்ணீர் கேட்கிறது. கொழகொழவென்று அமுங்கி நாற்றம் வந்தால் அழுகல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அழுகும் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடுவோம். அழுகல் என்று தெரிந்ததும் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் செதுக்குங்கள். பழுப்புப் புள்ளி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். உரக்கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசி, ஒரு வாரத்துக்கு மேல் நிழலில் உலர்த்தி, வெறும் மணலில் நட்டு வையுங்கள். பாதி கிழங்கு போன செடிகூடப் பிழைத்து வருவது உண்டு.

இலைக்கணுவில் பஞ்சு மாதிரி தெரிவது மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கியால் தேய்த்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். (மாவுப்பூச்சிக்குச் சொந்தக்காரப் பூச்சி ஒன்று நமக்கு நன்மையும் செய்திருக்கிறது. தென் மாவட்டங்களில் நிலமெல்லாம் அடைத்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது ஒரு செதில்பூச்சியைத்தான். அதனால்தான் இன்று அந்தக் கள்ளி வேலியோரங்களோடு நிற்கிறது.)

ஒரே இரவில் அடீனியத்தின் இலையெல்லாம் காணாமல் போனால், தரையில் கறுப்பு உருண்டைகளாக எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். அரளிச் செடியைத் தின்னும் பெரிய பச்சைப் புழு, வாலில் ஒரு கொம்போடு, தண்டின் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துத் தேடிக் கையால் எடுத்துவிட்டால் போதும், மருந்து வேண்டாம். கோடையில் இலை வெளிறிப் புள்ளி விழுந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கம் காலையில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சினால் கட்டுப்படும்.

விதையிலிருந்து வளர்க்க

ஒரு வருடம் செடிகளோடு பழகிய பிறகு இதைச் செய்து பாருங்கள், அடீனியம் வளர்ப்பில் இதுதான் உண்மையான சந்தோஷம். பூவில் காய் பிடித்தால் ஆட்டுக்கொம்பு மாதிரி இரட்டையாக நீளும். முற்றினால் திடீரென்று வெடித்து, இரண்டு முனையிலும் பஞ்சு கொண்ட விதைகள் காற்றில் பறந்துவிடும். ஆகவே காய் பழுப்பேறத் தொடங்கும்போதே கொசுவலைத் துண்டைச் சுற்றி நூலால் கட்டிவிடுங்கள். வெடித்ததும் விதையை எடுத்துப் பஞ்சை உருவிவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மணல் கூடுதலாகக் கலந்த மண்ணில் படுக்கை வாட்டில் வைத்து மெல்லிய மணல் தூவுங்கள். புது விதையாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். நாற்றுக்கு முதல் இரண்டு மாதம் மண் முழுக்கக் காயக் கூடாது, இது ஒன்றுதான் பெரிய செடிக்கும் நாற்றுக்கும் வித்தியாசம். பங்குனியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குள் அடி ஓரளவு பருத்துவிடும். அப்படிப் பருக்காதவற்றை அந்த வருட மழை முடியும்வரை தார்சாவில் வெளிச்சம் விழும் ஓரத்திலேயே வைத்திருந்து, தையில் வெயிலுக்கு எடுத்து வாருங்கள்.